கிழவனின் அருவி

வெர்னர் ஹெர்சாக் 2004இல் எடுத்த 'தி ஒயிட் டயமண்ட்' ஆவணப்படத்தில் ஒருவரைக் கயிற்றில் கட்டிப் பாறை விளிம்பிலிருந்து கீழே இறக்குகிறார்கள். அவர் மலையேறுபவர், மருத்துவரும்கூட. கையில் கேமரா. பக்கத்திலேயே 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நதி முழுசாக விழுந்துகொண்டிருக்கிறது. அந்த நீர்த்திரைக்குப் பின்னால் பெரிய குகை ஒன்று இருக்கிறது. இலட்சக்கணக்கான உழவாரக் குருவிகள் சாயங்காலமானால் திரையைக் கிழித்துக்கொண்டு அதற்குள் போய் அடைகின்றன. வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத இடம். அவர் தொங்கியபடியே அதைப் பார்க்கிறார், படம் பிடிக்கிறார், மேலே ஏறி வருகிறார். அதற்குப் பிறகு ஹெர்சாக் நம்மிடம் ஒன்று சொல்கிறார்: அந்தக் காட்சியை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

காரணமும் படத்திலேயே வருகிறது. உள்ளூர்ப் பூர்வகுடிகளின் முன்னாள் தலைவர் ஒருவர், அருவிக்குப் பின்னால் இருப்பதை வெளியிட்டால் தங்கள் பண்பாட்டின் சாரமே போய்விடும் என்கிறார். ஹெர்சாக் அதற்குக் கட்டுப்படுகிறார்.

முதல்முறை பார்த்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இரண்டாம் முறை பார்க்கும்போது லேசாக எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் இதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அருவியின் பெயர் கையெட்டூர். தமிழில் எழுதினால் கை எட்டுகிற ஊர் மாதிரி ஒலிக்கிறது, ஆனால் எளிதில் எட்டாத இடம். தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் கயானாவின் உள்காட்டில், பொட்டாரோ நதி ஒரு மணற்கல் மேட்டுநிலத்தின் மேல் தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில் அமைதியாக வருகிறது. திடீரென்று நிலம் முடிந்துபோகிறது. சுமார் 100 மீட்டர் அகலத்தில், நடுவில் எங்கும் தட்டாமல், ஒரே விழுகை. நயாகராவின் உயரம் 50 மீட்டர் சொச்சம்தான். இது அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி இதைவிட ரொம்ப உயரம், ஆனால் அங்கே தண்ணீர் கீழே வருவதற்குள் பாதி புகையாகிவிடும். இங்கே நதி நதியாகவே விழுகிறது. சுற்றுலாக் கையேடுகள் இந்த உயரத்தையும் நீரளவையும் பெருக்கிப் பார்த்து உலகத்திலேயே பெரிசு என்று ஒரு பட்டம் கொடுக்கின்றன. கொடுக்கட்டும்.

போகும் வழி எளிது, காசு இருந்தால். தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து சின்ன விமானம், ஒரு மணி நேரத்துக்குள் காட்டு நடுவில் ஓர் ஓடுதளம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் பிரொமிலியாட் செடி, அதன் இலைக் குழியில் தேங்கும் தண்ணீரிலேயே ஆயுளைக் கழிக்கும் பொன்னிறக் குட்டித் தவளை, யோகம் இருந்தால் ஆரஞ்சு நிறப் பாறைச்சேவல். விளிம்பில் கம்பித் தடுப்பு கிடையாது. போய் நின்னு, பயந்து, செல்ஃபி எடுத்து, வழிகாட்டி சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு அதே விமானத்தில் திரும்பிடலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் போனதில்லை. எனக்குக் கையெட்டூர் என்பது ஒரு படம், ஒரு கவிதை, ஒரு நாவல். இந்த மூன்றும் அருவியின் முன்னால் நிற்கும்போது என்ன செய்கின்றன என்பதுதான் என் கேள்வி. சுற்றுலாத் தலமாகிவிட்ட ஓர் அருவி எழுத்தாளனுக்குப் பெரிய இடைஞ்சல். எல்லோரும் பார்த்தாயிற்று, எல்லோரும் ஆச்சரியப்பட்டாயிற்று. அவன் செய்யக்கூடியது இரண்டே. மற்றவர்களைவிடச் சத்தமாக ஆச்சரியப்படலாம், அல்லது பின்பக்கம் போகலாம்.

பின்பக்கம் என்பது எல்லா அருவிக்கும் இருப்பதில்லை. நம் பக்கத்தில், சாங்கி ஜுவலில், 2019 முதல் ஓர் அருவி விழுகிறது. 40 மீட்டர், கட்டடத்துக்குள் விழுகிற அருவிகளில் உலகிலேயே உயரமானது. மழைநீரைச் சேர்த்து மேலே ஏற்றி, கண்ணாடிக் கூரையின் நடுவிலுள்ள வட்டத் துளை வழியாக விடுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கிறது. இராத்திரியில் வண்ண விளக்கு, பக்கத்தில் ரயில். ஆனால் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் அதற்கு முன்பக்கம் மட்டும்தான். வட்டமான தண்ணீருக்குப் பின்பக்கம் எங்கே வரும்? யாரும் அதைப் பற்றிக் கதை சொல்வதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கையெட்டூருக்குப் பின்பக்கம் இருக்கிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கயானா நமக்கு ரொம்பத் தூரத்து நாடு இல்லை. 1838இலிருந்து 1917வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, ஒரு சிறு பகுதியினர் சென்னையிலிருந்து. சென்னையிலிருந்து வந்தவர்களை 'மதராசி' என்றார்கள். தமிழ் போய்விட்டது, மாரியம்மா போகவில்லை. இன்றைக்கும் காளிமாயி கோயில்களில் மேளம் அடித்துச் சாமி ஆடுகிறார்கள். கதை நம் ரப்பர் தோட்டத்துக் கதைதான், பயிர்தான் வேறு. எல்லோரும் கடற்கரைச் சமவெளியில் குடியமர்த்தப்பட்டார்கள். உள்காடு பூர்வகுடிகளுக்கும், தங்கம் வைரம் தேடிப் போகிறவர்களுக்கும். ஆகவே 1966இல் சுதந்திரம் வந்து, கையெட்டூரைப் பணத்தாளில் அச்சடித்தபோது, அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அருவியை நேரில் பார்த்திராதவர்கள். தேசத்தின் முகம் தேசத்தார் போகாத இடத்தில் இருந்தது.

ஹெர்சாக்கிடம் திரும்புகிறேன். படத்தின் நாயகர் கிரஹாம் டோரிங்டன் என்ற ஆங்கிலேய வானூர்திப் பொறியாளர். மழைக்காட்டின் உச்சி விதானத்துக்கு மேலே சத்தமில்லாமல் மிதக்கிற மாதிரி ஒரு சின்ன ஆகாயக் கப்பலைச் செய்கிறார். அவருக்குள் ஓர் இறப்பு உட்கார்ந்திருக்கிறது. 1993இல் சுமத்ராவில், அவர் வடிவமைத்த முந்தைய கப்பலிலிருந்து விழுந்து ஜெர்மானிய வனவிலங்குப் படப்பிடிப்பாளர் டீட்டர் பிளாகெ செத்துப்போனார். பதினொரு வருடம் கழித்து டோரிங்டன் இன்னொரு காட்டில் இன்னொரு கப்பலோடு நிற்கிறார். அந்த மரணத்தை அவர் கேமரா முன்னால் நீளமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்கிற இடம்தான் படத்தின் மையம். அருவி பின்னணியில் இருக்கிறது, ஆனால் விழுதல் என்கிற வினை படம் முழுக்க ஓடுகிறது. கப்பல் விழுகிறது, மனிதன் விழுந்தான், நதி விழுந்துகொண்டே இருக்கிறது. இதைப் படம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லாது. இவ்வளவு தூரத்துக்கு ஹெர்சாக் மேதைதான், சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். படத்தில் மார்க் அந்தோனி யாப் என்று ஓர் உள்ளூர்க்காரர் வருகிறார். ரஸ்தஃபாரி, வைரம் அரிக்கப் போகிறவர், இந்தக் குழுவுக்குச் சுமை தூக்க வந்தவர். ஆகாயக் கப்பலுக்கு வெள்ளை வைரம் என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஓரிடத்தில் இலை நுனியில் ஒரு நீர்த்துளி, அதற்குள் அருவி தலைகீழாகத் தெரிகிறது. இந்த ஒரு துளிக்குள் பிரபஞ்சமே தெரிகிறதா என்கிற பாணியில் ஹெர்சாக் கேட்கிறார். யாப் நிதானமாகத் திரும்பி, உன் இடிமுழக்கத்தில் நீ பேசுவது காதில் விழவில்லை என்கிற பொருளில் ஒரு வாக்கியம் சொல்கிறார். பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். ஒரு காட்டுவாசி ஞானி, மேற்கத்தியனின் மலிவான ஆன்மிகத்தை ஒரே அடியில் சாய்த்துவிட்டான்! உண்மையில் அந்த வசனம் ஹெர்சாக் கொடுத்தது. அவரே இதை ஒளித்ததும் இல்லை. அவருடைய பழைய படமான 'கோப்ரா வெர்டே'யிலும் (1987) அதே வசனம் வருகிறது. ஆவணப்படத்தில் புனைவு கலப்பது அவருக்குக் கொள்கை. தகவல் உண்மையைவிடப் பரவச உண்மை பெரிது என்பார்.

அந்தக் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஞானியின் வாயிலிருந்து வருவதும் இயக்குநரின் வசனம்தான் என்றால், அருவிக்குப் பின்னாலிருப்பதைக் காட்டமாட்டேன் என்ற மறுப்பு மட்டும் எப்படி வசனமில்லாமல் போகும்? காட்டக்கூடாது என்றால் பேசாமல் இருந்திருக்கலாம். கயிற்றில் ஆளை இறக்கியதையே வெட்டி எறிந்திருக்கலாம். இறக்கி, எடுத்து, ஏற்றி, எடுத்தேன் ஆனால் காட்டமாட்டேன் என்று சொல்வது மூடிய பெட்டியைக் கடைத்தெருவில் வைப்பது மாதிரி. அடுத்த வருடமே அவர் எடுத்த 'கிரிஸ்லி மேன்' படத்தில் இதே அசைவு மறுபடி வருகிறது. கரடி தின்றுவிட்ட ஒரு மனிதனின் கடைசி நிமிட ஒலிப்பதிவை ஹெர்சாக் காதுக்கருவி போட்டுத் தான் மட்டும் கேட்கிறார். நமக்குக் கேட்காது. டேப்பை வைத்திருக்கும் பெண்ணிடம், இதை நீ ஒருநாளும் கேட்காதே, அழித்துவிடு என்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தெரிந்தவன் சொல்லாமல் இருப்பது ஒரு வகை அதிகாரம். பூர்வகுடித் தலைவர் கேட்டது அதுவா? அவர் உலகத்தில் அந்த இடம் யாருக்கும் தெரியாமல் இருப்பதால்தான் இடமாக இருக்கிறது. ஹெர்சாக்கின் உலகத்தில் அது தனக்கும் தன் குழுவுக்கும் தெரிந்து, நமக்குத் தெரியாமல் இருப்பதால் இரகசியமாகிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மௌனம்தான்.

ஆனாலும் நான் ஹெர்சாக்கை முழுசாகக் கைவிடத் தயாரில்லை. காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் விட எத்தனை இயக்குநர்களால் முடியும்? இன்றைக்கு ஒரு டிரோன் போதும். அருவியின் முன்பக்கம் பின்பக்கம் மேல் கீழ் எல்லாம் முப்பது வினாடியில் வந்துவிடும், பின்னணியில் ஒரு பியானோவோடு. அந்தப் பசிக்கு முன்னால் ஒருவர் இல்லை என்று சொன்னதை நாடகம் என்று தெரிந்தே நான் ஏற்றுக்கொள்கிறேன். காட்டாமல் விட்ட இடத்தில் அவர் வைத்தது குருவிகளை. கடைசியில் அவை ஆயிரமாயிரமாக மேலிருந்து சரிந்து நீருக்குப் பின்னால் மறைகின்றன. நாம் வெளியிலேயே நிற்கிறோம்.

சரி, வழிகாட்டி சொல்லும் கதை.

காய் என்று ஒரு கிழத்தலைவன். பட்டமோனா இனத்தவன். கரிப்பு இனத்தவர் வந்து வந்து தாக்குகிறார்கள், மக்கள் அழிகிறார்கள். மக்களைக் காப்பாற்றும்படி மக்கோனைமா என்ற பெருந்தெய்வத்திடம் கேட்க, காய் தன்னையே பலியாகக் கொடுக்கிறான். தனியாகப் படகேறி, துடுப்புப் போட்டுக்கொண்டே விளிம்பைத் தாண்டிப் போகிறான். அவன் பெயரே அருவிக்கு நிலைத்தது. கயானாவின் முக்கியமான கவிஞர் ஏ. ஜே. சீமோர் 1940களில் இதை நீள்கவிதையாக எழுதினார். 'கிக் ஓவர் அல்' என்ற இலக்கிய இதழை 1945இல் தொடங்கி நடத்தியவர் அவர். பிலிப் பில்கிரிம் என்ற இசைக்கலைஞர் அந்தக் கவிதைக்குப் பல குரல் சேர்ந்து பாடும் இசை அமைத்தார். காலனி ஒன்று தன்னைத் தேசமாகக் கற்பனை செய்துகொள்ளத் தொடங்கிய வருடங்கள் அவை. அந்தக் கற்பனைக்கு ஒரு தியாகி வேண்டியிருந்தது. கவிதை தன் வேலையைக் கம்பீரமாகச் செய்கிறது. தெய்வம் பேசுகிறது, கிழவன் நிமிர்ந்து நிற்கிறான், நீர் இடிக்கிறது. குறை சொல்ல முடியாத கவிதை, எனக்கு அதுவே அதன் குறை. படித்து முடித்ததும் கைதட்டத் தோன்றுகிறது, ஒரு கேள்வியும் மிஞ்சவில்லை.

கேள்வி எழவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1870 ஏப்ரலில் சார்லஸ் பேரிங்டன் பிரவுன் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் இந்த அருவிக்கு வந்தார். ஐரோப்பியப் புத்தகங்களில் அருவியைக் 'கண்டுபிடித்தவர்' அவர்தான், வழிகாட்டி அழைத்துப் போனவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பது வேறு விஷயம். 1876இல் வந்த தன் பயண நூலில், பெயர்க்காரணமாகத் தனக்குச் சொல்லப்பட்ட கதையை அவர் எழுதிவைத்திருக்கிறார். அதில் கரிப்பு இனம் இல்லை, போர் இல்லை, தெய்வத்துக்குப் பலி இல்லை. ஒரு கிழவன் இருந்தான். அவன் கால்விரல்களில் ஒருவகை மணல்தெள்ளு புகுந்து புகுந்து முட்டையிட்டது. ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துவிடுவது சொந்தக்காரர்களுக்கு ஓயாத வேலை. சலித்துப்போய் ஒருநாள் அவனை மரப்பட்டைப் படகில் உட்கார்த்தி விளிம்புக்கு மேலே அனுப்பிவைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் கதை. அருவியின் பெயர், கிழவன் அருவி.

இதுதான் 'அசல்' என்று நான் சொல்லவரவில்லை. ஒரு வெள்ளைக்காரனிடம் பட்டமோனாக்கள் கிண்டலுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். சுமை தூக்கி அலுத்த இராத்திரியில் அப்படி ஒரு கதை பிறப்பது நடக்கக்கூடியதே. இரண்டு கதையும் ஒரே காலத்தில் வெவ்வேறு வாய்களில் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று விமானத்தில் வருகிறவர்களுக்குச் சொல்லப்படுகிறது, பாடலாகிறது, தேசமாகிறது. மற்றது அடிக்குறிப்பாக ஒடுங்கிவிடுகிறது. தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். கிழவன் போனான், கிழவனைப் போக்கினார்கள். ஓர் எழுத்து இரட்டிப்பதில் ஒரு கொலை தியாகமாகிவிடுகிறது.

நமக்கு இது புதிதா என்ன? நம் நாட்டார் தெய்வங்களில் பாதிப்பேர் அடித்துக் கொல்லப்பட்டவர்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனை நம் தோட்டத்துக் கோயில்களில் மீசையும் அரிவாளுமாக நிறுத்திவைத்திருக்கிறோம். கொன்றவர்களின் வாரிசுகளே பூசை செய்வதும் உண்டு. இன்னொரு பக்கம், தென்தமிழ்நாட்டில் தலைக்கூத்தல் என்று ஒன்று. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைப்பார்கள். அதைப் பற்றிப் பேசும்போதும், அவரே போக விரும்பினார் என்றுதான் குடும்பத்தில் யாராவது தொடங்குவார்கள். எனவே அந்த மணல்தெள்ளுக் கிழவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஹெர்சாக் குகைக்குள் இறக்கிய கேமராவில் என்ன பதிவானதோ, அருவிக்குப் பின்னாலிருப்பது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இந்தக் கிழவனைத்தான் சொல்வேன்.

நாவல், வில்சன் ஹாரிஸ் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி பீகாக்'. 1960இல் வெளிவந்தது. மயிலின் மாளிகை என்று சொன்னால் நமக்கு உடனே முருகன் ஞாபகம் வரும், அதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் படிக்கவேண்டும். ஹாரிஸ் 1921இல் பிறந்தவர், அரசாங்க நிலஅளவையாளராக வருடக்கணக்கில் கயானாவின் நதிகளை அளந்தவர். பொட்டாரோவிலும் வேலை செய்திருக்கிறார். அங்கே நடந்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: வேகமான நீரில் படகு கவிழப்போனபோது நங்கூரம் ஆற்றடியில் மாட்டிக்கொண்டது, கயிற்றை அறுத்துத் தப்பித்தார்கள். சில வருடம் கழித்து அதே இடம், அதே ஆபத்து, இன்னொரு நங்கூரமும் அடியில் மாட்டிக்கொண்டது. எப்படியோ இழுத்து மேலே கொண்டுவந்தால், அது பழைய நங்கூரத்தைக் கொக்கி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது. ஹாரிஸின் நாவல் உருவாகும் விதம் இதுதான். இப்போது போகும் படகு முன்பு மூழ்கிய படகை இழுத்துக்கொண்டு வருகிறது.

கதைச் சுருக்கம் மலேசியத் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். டோன் என்ற தோட்டத் துரை. அவனிடமிருந்து பூர்வகுடி வேலையாட்கள் ஓடிப்போகிறார்கள். அவர்களைப் பிடித்துவரப் படகில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நதியில் மேலே மேலே போகிறான். துரை, ஓடிப்போன ஆள், ஆள்பிடிக்கும் படகு. நம் தாத்தாக்கள் சொன்ன கதையின் அதே உறுப்பினர்கள். படகுக்காரர்கள் எல்லா இரத்தமும் கலந்தவர்கள், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர், போர்த்துகீசியர், ஆப்பிரிக்கர், பூர்வகுடி என்று. விசித்திரம் என்னவென்றால், இதே பெயர்களோடு இதே நதியில் முன்பே ஒரு கூட்டம் மூழ்கிச் செத்திருக்கிறது. இவர்கள் அவர்களா, அவர்களின் கனவா என்று நாவல் சொல்வதில்லை. இரண்டாவது சாவை நோக்கி ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஏழாம் நாள் எதிரே ஓர் அருவி வந்து வழியை அடைக்கிறது.

ஹெர்சாக் கேட்ட அதே கேள்விக்கு ஹாரிஸ் நேர் எதிரான பதிலைத் தருகிறார். அவர் உள்ளே போகிறார். டோன் அருவியை ஒட்டிய பாறையில் ஏறுகிறான். பாறைச் சுவரில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்குள் ஓர் அறை. அறையில் ஒரு தச்சன் வேலை செய்துகொண்டிருக்கிறான். டோன் தட்டுகிறான். தச்சனின் பார்வை அவனைத் தொடாமல் ஊடுருவிப் போகிறது. இன்னும் மேலே இன்னோர் அறையில் ஒரு பெண்ணும் குழந்தையும். இவன் ஒருத்தன் வெளியே தொங்குகிறான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் பொருட்டே இல்லை. நாடு முழுக்கத் தன் சொத்து என்று நினைத்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவன் பார்க்கிறான், ஆனால் யாராலும் பார்க்கப்படுவதில்லை. சுற்றுலாப் பயணியின் நிலை இதற்கு நேர் தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். அவன் அருவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தன்னைத்தான் படம் எடுக்கிறான்.

டோன் விழுகிறான். அதன் பிறகுதான் மாளிகை வருகிறது, நட்சத்திரங்கள் மயில்தோகையின் கண்களாகின்றன, செத்தவர்கள் ஜன்னல்களில் நிற்கிறார்கள், எங்கிருந்தோ இசை. சுருக்கிச் சொன்னால் கேலியாகத் தெரியும். நூற்றைம்பது பக்கத்துக்கும் குறைவான நாவல் இது, நான் முதல் தடவை பாதிகூடத் தாண்டாமல் மூடிவைத்தேன். ஹாரிஸின் வாக்கியங்கள் வெள்ளத்தில் நடப்பது மாதிரி, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரெதிரான இரண்டு பெயரடைகள் வந்து மோதும். புரிந்துகொண்டே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மூழ்கிவிடுவோம். கொஞ்சம் வேகமாக, பாட்டைக் கேட்கிற மாதிரி ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தால் நதி தன் பாதையைக் காட்டும்.

பின்பக்கம் போகலாமா கூடாதா என்ற கேள்வியைவிட, போகிறவன் என்ன விலை கொடுக்கிறான் என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது. சீமோரின் கவிதையில் கிழவன் விலை கொடுக்கிறான், கேட்கிற நாம் கொடுப்பதில்லை. ஹெர்சாக் படத்தில் நமக்கு மறுக்கப்படுகிறது, பார்த்தவருக்கு நஷ்டமில்லை. ஹாரிஸிடம் மட்டும் பார்க்கிறவன் துரைத்தனத்தை, உடம்பை, கடைசியில் 'நான்' என்று சொல்லும் உரிமையைக்கூட விட்டுவிட்டுத்தான் ஜன்னலை நெருங்கமுடிகிறது. கதைசொல்லியும்கூட நாவல் போகப்போகக் கரைந்துபோகிறான்.

ஹாரிஸ் மேல் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. படகில் ஓர் அரவாக் கிழவியைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள், வழிகாட்ட. அவள் பேசுவதில்லை. ஆற்றின் நுரையும் சுழிப்பும் அவள் கூந்தலாக, உடையாக, சுருக்கமாக மாறும் பகுதி நாவலின் உச்சங்களில் ஒன்று, மறுக்கவில்லை. ஆனாலும் மற்ற எல்லோருக்கும் ஆன்மாவைத் தேடிக் கொடுத்தவர் அவளுக்கு மட்டும் நிலக்காட்சியைக் கொடுத்தார். பூர்வகுடிப் பெண் மறுபடியும் ஆறாகிப்போனாள். காய் பாறையானது மாதிரி, மதுரைவீரன் சிலையானது மாதிரி. ஆறிடமும் பாறையிடமும் யாரும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

அனுமதி என்றதும் இன்னொன்று. கையெட்டூரைச் சுற்றிய நிலம் 1929இலேயே தேசியப் பூங்காவானது. 1999இல் எல்லையை 627 சதுர கிலோமீட்டருக்கு விரித்தார்கள். அருவிக்கு மேலே பொட்டாரோக் கரையில் செனபாவ் என்ற பட்டமோனா கிராமம் இருக்கிறது. எங்கே வேட்டையாடலாம், எங்கே தங்கம் அரிக்கலாம் என்பதில் அந்த மக்களுக்கும் பூங்காவுக்கும் இழுபறி உண்டு. தியாகி காயின் பேரப்பிள்ளைகள் வழிகாட்டியின் கதையில் வருவதில்லை. ஹெர்சாக் படத்தில் ஒரு முன்னாள் தலைவர் வருகிறார், வேண்டாம் என்று சொல்லத் தேவைப்பட்ட அளவுக்கு.

அதனால்தான் எனக்கு அந்தப் படத்தில் யாப் பிடித்துப்போனார், எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொன்னவர் அல்ல, மற்ற நேரத்து யாப். அவர் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ஸ்பெயினில் இருக்கிறார்கள். பார்த்துப் பல வருடமாகிவிட்டது, இந்த வெள்ளை வைரத்தில் ஏறி அங்கே போய் மொட்டைமாடியில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு சேவல் இருக்கிறது, பெயர் ரெட் மேன், அதற்கு ஐந்து பெண்டாட்டிகள். சேவலைப் பற்றிப் பேசும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதை எந்த இயக்குநராலும் எழுதிக்கொடுக்க முடியாது. படத்தின் பின்பகுதியில் அவரையும் ஆகாயக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். காட்டுக்கு மேலே மிதந்துவிட்டு இறங்குகிறார். சந்தோஷம்தான். ஒரே ஒரு குறை, சேவலைக் கூட்டிக்கொண்டு போகமுடியவில்லை என்கிறார்.